சவோன்னெரிக் கம்பளமும் ஓர் இரும்புக் கம்பியும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சில் 'சவோன்' என்றால் சோப்பு. பாரிசில் சென் நதிக்கரையில், ஷையோ என்ற இடத்தில் இருந்த பழைய சோப்புத் தொழிற்கூடத்தில் தறி போட்டார்கள். அதனால் அங்கே நெய்த கம்பளத்துக்கும் சவோன்னெரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதற்கும் முன்பே, 1608இல், நான்காம் ஹென்றி மன்னர் லூவர் அரண்மனையில் பியேர் துபோன் என்ற நெசவாளருக்கு இடம் கொடுத்திருந்தார். 1627இல் துபோனுக்கும் சிமோன் லூர்தேவுக்கும் அரச உரிமம் கிடைத்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்ற கடமையும் அதோடு சேர்ந்தே வந்தது.

இங்கே போடுவது துருக்கி முடிச்சுதான், அதாவது அடுத்தடுத்த இரண்டு பாவிழைகளில் கம்பளி நூலைச் சுற்றிப் போடும் முடிச்சு. வேறுபாடு ஓர் இரும்புக் கம்பியில் இருக்கிறது. துருக்கியில் முடிச்சுப் போட்டதும் நூலை அறுத்துவிடுவார்கள். சவோன்னெரியில் அறுப்பதில்லை. தறி செங்குத்தாக நிற்கும். பாவு, அதாவது மேலிருந்து கீழாகக் கட்டிய இழைகள், முன்னும் பின்னுமாக இரண்டு அடுக்கு. கம்பளி நூலை முன்னிழையில் சுற்றி, கம்பியின் மேல் வளையமாக விட்டு, விழுது என்ற இழுகயிற்றை இழுத்துப் பின்னிழையை முன்னே கொண்டுவந்து, அதில் முடிந்து இறுக்க வேண்டும். கம்பி நிறைய வளையங்கள் சேர்ந்ததும் அதைப் பக்கவாட்டில் உருவுவார்கள். கம்பியின் நுனி தட்டையான கத்தி. உருவும்போதே வளையங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் அறுந்து பூவாக விரியும். அந்தக் கத்தி மழுங்கியிருந்தால் நூல் அறுபடாது, பிய்ந்துபோகும். முடிச்சும் இடம் பெயர்ந்துவிடும்.

ஒரு வரிசை முடிந்ததும் இரண்டு ஊடை, அதாவது குறுக்கு இழை, போகும். ஒன்று இறுக்கமாக, நேராக, மற்றது தளர்வாக. பிறகு சீப்பால் அடித்து அமர்த்துவார்கள். பழகாத கை தவறுவது அந்தத் தளர்ந்த ஊடையில்தான். அதையும் இறுக்கிவிட்டால் ஓரங்கள் உள்ளே இழுபடும், விரித்தால் கம்பளம் தரையில் படியாது. கணக்குத் தவறாமல் இருக்கப் பத்துக்கு ஒரு பாவிழை வேறு நிறத்தில் இருக்கும். அதற்கு ஏற்றபடி, பார்த்து நெய்யும் மாதிரி ஓவியத்திலும் கட்டம் போட்டிருப்பார்கள். ஒரு சதுர அங்குலத்தில் ஏறக்குறைய 90 முடிச்சு. நிழல் விழுவதுபோல் நிறம் மெல்ல மாற வேண்டிய இடங்களில், வெவ்வேறு சாயமிட்ட இழைகளைச் சேர்த்தே ஒரு முடிச்சைப் போடுவார்கள். கடைசியில், கைப்பிடி வளைந்த கத்தரியால் பரப்பைச் சமன்செய்து, பூ முதலான வடிவங்களின் விளிம்பை ஒட்டி மெல்லிய பள்ளம் வெட்டுவார்கள். அந்தப் பள்ளம் இல்லையென்றால் இத்தனை நிறமும் தூரத்திலிருந்து பார்க்கும்போது குழம்பித் தெரியும்.

பதினான்காம் லூயி காலத்தில் லூவரின் பெரிய கூடத்துக்கென்று 93 கம்பளங்களுக்குத் திட்டமிட்டு, 1668 முதல் சுமார் இருபது ஆண்டுகள் நெய்தார்கள். அதற்குள், 1682இல், அரசவை லூவரை விட்டு, பாரிசுக்கு வெளியே உள்ள வெர்சாய் அரண்மனைக்குப் போய்விட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு சில கம்பளங்களில் அரச சின்னங்களை வெட்டி எடுத்தார்கள். சில, அரசின் கடனுக்கு ஈடாகக் கைமாறின. அவ்வளவு உழைப்புக்கு நேர்ந்த இந்த முடிவை நினைத்தால் மனம் கனக்கிறது.

1826இல் சவோன்னெரி, பாரிசில் சித்திரத் திரைகள் நெய்யும் கோபெலின் நெசவுக்கூடத்தோடு இணைந்தது. 1960களில் பிரான்சின் தெற்கே லொதேவ் ஊரிலும் ஒரு கூடம் பிறந்தது. அல்ஜீரியாவிலிருந்து வந்த ஹர்கி (அல்ஜீரியப் போரில் பிரெஞ்சுப் படையோடு நின்ற அல்ஜீரியர்) குடும்பத்துப் பெண்களே அங்கே முதலில் தறியில் உட்கார்ந்தவர்கள். இரண்டு கூடங்களிலும் இன்றைக்கும் தற்கால ஓவியர்களின் வரைவுகளை அதே முடிச்சில்தான் நெய்கிறார்கள்.