செந்தமிழும் நாப்பழக்கம், இத்தாலியமும் அப்படித்தான்

வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பத்தாம் வகுப்பில் எனக்கு இலக்கணம் நடத்தி, இன்றைக்கும் என் பேச்சில் ஒற்றுப்பிழை தேடிக்கொண்டிருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அவர்களே, வானம் இருட்டிக்கொண்டு வந்தும் வீட்டில் இருக்காமல் வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம். போர்த்திய பொன்னாடையை மடித்து வைத்துக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம். வேர்க்கிறது.

இத்தாலிய மொழியை வரலாறு, அன்றாட வாழ்க்கை, இசை என்று மூன்று பகுதியாகப் பேசப்போகிறேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரி போதும்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

இத்தாலியக் கவிஞர் தாந்தே 1265இல் ஃபுளோரன்ஸில் பிறந்தவர். பெரிய விஷயம் என்றால் லத்தீனில்தான் எழுத வேண்டும் என்று இருந்த காலம் அது. அவரோ சொர்க்கம், நரகம் எல்லாவற்றையும் தன் ஊர்ப் பேச்சில் பாடி வைத்தார். இலக்கணம் ஏதும் படிக்காமல், வளர்த்த தாதியின் வாயைப் பார்த்துப் பிள்ளை கற்கும் மொழியே உயர்ந்தது என்று வாதாடி ஒரு நூலும் எழுதினார். அதை எந்த மொழியில் எழுதினார் தெரியுமா? லத்தீனில்! தமிழ்வழிக் கல்வி வேண்டும் என்று ஆங்கிலத்தில் மனுப் போடுகிறோமே, அதே கதைதான்.

1861இல் இத்தாலி ஒரே நாடானபோது இத்தாலியம் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர்தான் என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மாவ்ரோவின் கணக்கு. மற்றவர்கள் வீட்டில் பேசியது வெனிஸ் பேச்சு, நாப்போலிப் பேச்சு, சிசிலிப் பேச்சு. ஒருவருக்கொருவர் புரியாது. 1960இல் ஆல்பெர்த்தோ மான்சி என்ற வாத்தியார் தொலைக்காட்சியில் வந்து, பெரிய தாளில் கரித்துண்டால் படம் வரைந்து வரைந்து, எழுத்தறியாத பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தார். பாருங்கள், சித்திரமும் கைப்பழக்கம்!

சரி, என் கதைக்கு வருகிறேன். மகன் மிலானில் வேலை பார்க்கிறான். ஒரு கோடையில் அவனோடு இரண்டு மாதம் இருந்தோம். ஒருநாள் ஃபுளோரன்ஸ் போனால், நம்ம ஊர் கத்திரியைத் தோற்கடிக்கும் வெயில். என் தலையைத்தான் நீங்களே பார்க்கிறீர்களே, நிழலுக்கு ஒரு முடி கிடையாது. சான் லொரென்சோ சந்தையில் ஒரு தள்ளுவண்டிக் கடை, நிறைய ஓலைத் தொப்பி. மகன் வேண்டாம் என்றான். கேட்பேனா? ரயிலிலேயே மனப்பாடம் செய்ததைக் கம்பீரமாக விட்டேன்: இந்தக் 'கபெல்லோ' என்ன விலை?

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக என் தலையைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் தன் தொப்பியைக் கழற்றினார். உள்ளே என்னைவிட மோசம்! மண்டையைத் தடவிக்காட்டி, கையை விரித்து, "எனக்கே இல்லையே ஐயா" என்றார். பக்கத்துக் கடைக்காரி சிரித்த சிரிப்பில் மணிபர்ஸ் ஒன்று கீழே விழுந்தது. தொப்பிக்குச் சொல் கப்பெல்லோ. நான் ஒரு 'ப்'பை விழுங்கியதில் அது கபெல்லோ ஆகிவிட்டது. அதற்குத் தலைமுடி என்று அர்த்தம். வழுக்கைத் தலையன் முடி என்ன விலை என்று கேட்டிருக்கிறேன்! தமிழாசிரியர் ஐயா, சுவரில் பல்லி இருக்கிறது என்பதை எழுத்து விட்டுப் 'பலி' என்று எழுதி உங்களிடம் அடி வாங்கினேனே, அந்த அடி அங்கே போய்த்தான் புரிந்தது. தொப்பியை வாங்கினேன். விலை குறைக்கவில்லை மனுஷன். ஆனால் கப்பெல்லோ, கப்பெல்லோ என்று பத்துத் தடவை சொல்ல வைத்துத்தான் அனுப்பினார். நாப்பழக்கம்!

இன்னொரு சொல், ச்சாவ். வந்தாலும் ச்சாவ், போனாலும் ச்சாவ். என் வீட்டுக்காரம்மா முதல் நாள், "என்னங்க, வாசலில் நின்று சாவு என்கிறார்கள்" என்று பதறிவிட்டாள். வெனிஸ் பேச்சில் 'உங்கள் அடிமை' என்பது தேய்ந்து வந்த சொல் அது. நம்முடைய அடியேன்தான்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வீரமாமுனிவர் 1680இல் வட இத்தாலியில் காஸ்தில்யோனே என்ற ஊரில் பிறந்தவர். சதுரகராதி தந்தார், அது எல்லோருக்கும் தெரியும். கொடுந்தமிழுக்கு, அதாவது அன்று ஜனங்கள் பேசிய தமிழுக்கு, லத்தீனில் ஒரு இலக்கணமும் எழுதினார். எங்கிருந்தோ வந்த மனிதருக்கு நம் பேச்சு எழுதிவைக்கத் தகுந்ததாகப் பட்டது. நமக்கு? நம் ஊரில் வாரியல் என்ற சொல் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. துடைப்பம் என்றால்தான் எடுத்து வருகிறார்கள். இத்தாலியில் பொதுமொழி பரவப் பரவ எத்தனையோ வீடுகளில் ஊர்ப்பேச்சு கிழவர்களோடு நின்றுபோனது.

நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, நாலு வருஷமாகக் கேட்கிறேன். இந்த நூலகத்தில் வட்டாரச் சொல் தொகுக்க ஒரு மேசையும், சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரமும் கொடுங்கள். கட்டடம் கேட்கவில்லை, மேசை.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. இசையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். நோட்டு நானே வாங்கி வந்துவிட்டேன், வாசல் பக்கம் இருக்கிறது, பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். முதல் பக்கத்தில் வாரியல் எழுதியாகிவிட்டது. போகும்போது ஆளுக்கு ஒரு சொல் எழுதிவிட்டுப் போங்கள். ச்சாவ்!