பிழைத்த ஊருக்குக் கொடுத்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காவிரிப் பாசனத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் 'சிங்கப்பூரார் வீடு' என்று ஒரு வீடு இருக்கும். கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்றே பெயர். அந்தப் பக்கம் கப்பலேறிப் போனவரைச் சபராளி என்பார்கள். சபராளி ஊர் திரும்பிப் பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலமும் புதுக் கைலியும் வாசனை சோப்பும் கலந்து ஒரு வாசம் வருமே, அது உங்களில் பலருக்கு இப்போதே மூக்கில் ஏறியிருக்கும்.

சபராளி அனுப்பிய பணத்தில் இங்கே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். பள்ளிவாசல் எழும்பியது, கோயில் திருப்பணி நடந்தது, தங்கைக்குக் கல்யாணம் ஆனது, ஒத்திக்குப் போன நிலம் திரும்பி வந்தது. சரி. அவர் பிழைக்கப் போன ஊருக்கு என்ன செய்தார்? அதை நாம் கேட்பதே இல்லை. நாற்பது வருஷமாக என் மனசில் கிடக்கிற கேள்வி இது.

என் பெரியப்பாவிலிருந்து தொடங்குகிறேன். மாயவரம் பக்கம் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. பெரியப்பா 1930களில், கல்யாணமான மறு வருஷமே, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். அந்தக் கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். பெரியப்பா படகில் போவதைக் கரையில் நின்று பார்த்த பெரியம்மாவுக்குக் கடைசி வரை கண்ணில் நின்றது அவர் தலையில் வைத்திருந்த தகரப் பெட்டிதானாம். ஏறக்குறைய ஒரு வாரம் மேல்தளத்திலேயே சமைத்துச் சாப்பிட்டு, படுத்து எழுந்து, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர். சிராங்கூன் சாலையில், தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தார்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. அன்றைக்குச் சீனர்களின் புத்தாண்டு. அதற்கப்புறம் மூன்றரை வருஷம் கடிதம் கிடையாது, பணம் கிடையாது, கப்பலும் கிடையாது. தபால்காரர் தெருமுனை திரும்பினால் பெரியம்மா வாசலுக்கு வந்துவிடுவாராம். அங்கே பெரியப்பாவின் முதலாளி கடையை மூடிவிட்டார். அரிசி கண்ணிலேயே படாத காலம். கடைக்குப் பின்சந்தில் மீன் விற்கிற ஒரு சீனர் குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டிலும் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த அம்மாள் கொல்லையில் மரவள்ளிக் குச்சி நட்டிருந்தார். கிழங்கு வெட்டும் போதெல்லாம் பெரியப்பாவுக்கும் ஒரு பங்கு வந்துவிடும். இவருக்குச் சீனம் தெரியாது, அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. சந்தை மலாய்தான் இரண்டு பேருக்கும் பொது.

யுத்தம் முடிந்து பெரியம்மாவும் அங்கே போனார். குழந்தை இல்லை. 1950 வாக்கில் அந்த மீன்காரர் நோயில் இறந்துபோனார். கடைசியாகப் பிறந்தது பெண் குழந்தை. அந்தக் காலத்தில் வளர்க்க வழியில்லாத சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைத் தமிழர் வீடுகளில் கொடுப்பது சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நிறைய நடந்தது. அந்த அம்மாள் குழந்தையைக் கொண்டுவந்து பெரியம்மா மடியில் வைத்தார். அதுதான் எங்கள் அக்கா.

1968-இல் அக்காவை ஊருக்கு அழைத்து வந்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. சீனப் பெண் வருகிறாள் என்று தெருவே கூடிவிட்டது. பாவாடை தாவணி, இரட்டைப் பின்னல், சின்னக் கண்கள். திண்ணையில் அப்பாயி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா நேராகப் போய்க் காலடியில் உட்கார்ந்து, "அப்பாயி, மூட்டு வலின்னு கடுதாசியில போட்டிருந்தீங்களே, இப்ப தேவலையா?" என்று கேட்டார். பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்துத் தேய்க்கவும் ஆரம்பித்துவிட்டார். அச்சு அசல் மாயவரத்துப் பேச்சு. நாங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் பெரியப்பா அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். அப்பாயி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் தெருக்காரர்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை? எம் பேத்தி வந்திருக்கா, போங்க" என்றார்.

1994-இல் நான் சிங்கப்பூர் போனேன். பெரியப்பா அப்போது இல்லை. சீனப் புத்தாண்டு சமயம். அக்கா இரண்டு ஆரஞ்சுப் பழங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, தன்னைப் பெற்ற வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார். அங்கே அண்ணன் இருந்தார். பெரியப்பா மாதம் தவறாமல் அந்த வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பியதை அவர் சொன்னார். பிள்ளைகள் தலையெடுக்கும் வரை, பதினாலு வருஷம். கடையில் யாரோ அதைத் தர்மம் என்று சொன்னதற்குப் பெரியப்பா கோபித்துக்கொண்டாராம். "தர்மம்னு சொல்லாதே, அது சம்பந்தி வீடு" என்றாராம். மாயவரத்தில் எங்கள் வீட்டுக் கூரையை ஓடாக மாற்றியதும் அந்தச் சம்பளம்தான். ஓடு எங்களுக்குத் தெரியும். அரிசி மூட்டை தெரியாது. 26 வருஷம் முன்னால் அக்கா எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கூட நாங்கள் கேட்கவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். அங்கே கொடுத்தது நம் கணக்கில் ஏறவில்லை.

அக்கா இன்னொன்றும் சொன்னார். தமிழுக்கென்று ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார்கள், பெரியப்பா நாலு வெள்ளி கொடுத்தார் என்று. வெள்ளி என்றால் அந்த ஊர் டாலர். தனக்கு ஒன்று, பெரியம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, கப்பலையே பார்க்காத அப்பாயிக்கு ஒன்று.

அந்த ஒரு வெள்ளியைக் கேட்டவர் யார் தெரியுமா? நம் திருவாரூர்க்காரர். தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1903-இல் பிறந்து, 1924-இல் சிங்கப்பூர் போய், 1935-இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கியவர். 1950களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும், நூலகம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பெரும் பணக்காரர் நாலு பேரிடம் போய் நின்றிருந்தாலும் பணம் சேர்ந்திருக்கலாம். அவர் கூலிவேலை செய்கிறவரின் ஒரு வெள்ளியைக் கேட்டார். கொடுத்தவனுக்கு அது தன் நூலகம் ஆகிவிடுகிறது, இல்லையா? இந்த ஊரிலேயே வாழப்போகிறோம், குடியுரிமை எடுங்கள் என்றும் ஓயாமல் எழுதினார். பெரியப்பா குடியுரிமைத் தாள் வாங்கியது அந்தக் காலத்தில்தான். சாரங்கபாணி மணந்ததும் அந்த மண்ணின் சீன வம்சாவளிப் பெண்ணைத்தான். 1974-இல் இறக்கும் வரை அவர் வாழ்வு அங்கேதான்.

இன்னொருவர் பி. கோவிந்தசாமி பிள்ளை. மாயவரம் வட்டாரத்தவர். 1905-இல், பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனார். மளிகை, மசாலா, புடவை என்று பி.ஜி.பி. கடைகள் பெருகின. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலின் ராஜகோபுரமும் கல்யாண மண்டபமும் அவர் கொடையில் எழுந்தவை. தைப்பூசக் காவடிகள் இன்றும் அந்தக் கோயிலிலிருந்துதான் புறப்படுகின்றன. பெரியப்பா வருஷா வருஷம் அந்த வாசலுக்கு எதிரில் நின்று மோர் கொடுப்பாராம். மோர் வாங்கிக் குடித்ததில் சீனர்களும் உண்டு என்பார் அக்கா.

நாகூர் தர்காவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெலோக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கிய நம் சோழமண்டலக்கரை முஸ்லிம் வியாபாரிகள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் ஆண்டவர் பெயரில் அங்கே ஒரு தர்கா கட்டினார்கள். 1974-இல் அந்த நாடு அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. தர்கா வேலை தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1827-இல் உருவான மாரியம்மன் கோயிலும் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்து மக்கள் எழுப்பியதுதான். அதை இன்னொரு நாள் பேசலாம்.

அக்காவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. இந்த உரை ஒலிபரப்பாகும் நேரத்தை அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறேன். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், அதனால் சாப்பாட்டை முடித்துவிட்டு இந்நேரம் கைபேசியைக் காதருகில் வைத்திருப்பார். வணக்கம் அக்கா. மூட்டுக்குத் தைலம் போட்டீர்களா?

நேயர்களுக்கும் வணக்கம்.