ஒரே சொல், ஒரு ‘எ’ மட்டும் குறைவு: டேனிஷ், நார்வீஜியன் மொழிகளில் ‘எவாங்கேலிஸ்க்’

[திரையில்: நார்வே அரசியல் சட்டம். மேலே 1814, பிரிவு 2. கீழே 2012 திருத்தம், பிரிவு 16]

மேல் வரியில் ‘எவாங்கேலிஸ்க்-லுட்டர்ஸ்கெ’, அதாவது ‘சுவிசேஷ லுத்தரன்’. கீழ் வரியில் ‘எவாங்கேலிஸ்க்-லுட்டர்ஸ்க்’. கடைசி ‘எ’ எங்கே போனது? அச்சுப்பிழை இல்லை. 1814-இல் இது அரசின் மதம். குறிப்பிட்ட அந்த ஒன்று என்பதால் முன்னால் ‘டென்’ (ஆங்கில ‘the’ போல), பின்னால் ‘எ’. 2012-இல் நார்வே திருச்சபை ‘ஒரு’ சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனது. ‘ஒரு’ வந்தால் ‘எ’ வராது. அரசு மதம் என்ற நிலை போனதை அந்த ஓர் எழுத்திலேயே பார்க்கலாம்.

டென்மார்க்கில் ‘எ’ அப்படியே நிற்கிறது. 1849 சட்டத்தில் வந்த ‘டென் எவாங்கேலிஸ்க்-லுட்டர்ஸ்கெ’ திருச்சபை, இன்றைய 1953 சட்டத்தின் 4-ஆம் பிரிவிலும் உண்டு.

[திரையில்: சொல் பிரிகிறது]

கிரேக்கத்தில் ‘எவ்’ என்றால் நல்ல. ‘ஆங்கெலியா’ என்றால் செய்தி. நம் ‘சுவிசேஷம்’ இதே அச்சில் வார்த்தது: ‘சு’ நல்ல, ‘விசேஷம்’ சேதி. “வீட்டில் என்ன விசேஷம்?” என்று கேட்கிறோமே, அதே விசேஷம்தான். உச்சரிப்பும் நமக்கு எளிது. ‘எங்கே’யில் வரும் ‘ங்கே’யை நீட்டி, அங்கேயே அழுத்தம் கொடுங்கள்.

இனி, தவறு நடக்கும் இடங்கள். ‘நியூட்டர்’ என்ற இலக்கணப் பாலைச் சேர்ந்த பெயர்ச்சொல்லுக்கு முன் பெயரடையோடு ‘ட்’ சேர்ப்பது இம்மொழிகளின் பொது வழக்கம். ‘-இஸ்க்’ என முடியும் சொல்லுக்கு அது கிடையாது. ஸ்வீடிஷ் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள், ஏனென்றால் அங்கே ‘எவாங்கேலிஸ்க்ட்’ சரி. அடுத்தது கூட்டுச்சொல்: ‘எ’ இரண்டாம் பாதியில் மட்டுமே சேரும். ‘எவாங்கேலிஸ்கெ-லுட்டர்ஸ்கெ’ என்று எழுதினால் பிழை.

மொழிபெயர்ப்பில் பெரிய குழப்பம் ‘எவாங்கெலிகால்’. இது ஆங்கிலம் வழியாக வந்த தனிச்சொல். மனமாற்றத்தையும் ஆன்மிக மறுபிறப்பையும் வலியுறுத்தும் இயக்கத்தைக் குறிப்பது. இரண்டையும் ‘சுவிசேஷ’ என்று போட்டால், டென்மார்க்கின் தேசியத் திருச்சபையே அந்த இயக்கத்தைச் சேர்ந்தது போல ஆகிவிடும். ‘எவாங்கெலிகால்’ வந்தால் ‘இவாஞ்சலிக்கல்’ என்றே விட்டுவிடுங்கள். ‘எவாங்கேலிஸ்க்’குக்கு ‘சுவிசேஷ’ போதும். டென்மார்க் அரசர் அனுப்ப, 1706-இல் தொடங்கிய தரங்கம்பாடி மிஷனில் வேர்கொண்டு 1919-இல் அமைந்த திருச்சபையின் பெயரும் ‘தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை’தான்.