கழுத்தில் தொங்கும் இரண்டு ஆணிகள்

அவையோருக்கு வணக்கம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. குளிர்கால ஸ்வீடனில் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்: பனிக்கட்டியின் கனம் தெரியாமல் காலை வைக்காதே. ஏரி உறைந்ததும் அங்கே ஊரே அதன்மேல் இறங்கிவிடுகிறது. ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே விரிந்து கிடக்கும் மேலரன் ஏரியில், நீண்ட இரும்புத் தகடு பூட்டிய சறுக்குக் காலணியோடு ஒரே நாளில் பல பத்துக் கிலோமீட்டர் போய்வருகிறார்கள்.

தடுக்க வேலி கிடையாது. வீட்டுத் தோட்டமும் பயிர் நிலமும் தவிர, யாருக்குச் சொந்தமான இடமானாலும் இயற்கைவெளியில் எல்லோரும் நடமாடலாம். 'அல்லமான்ஸ்ரெட்டன்' என்னும் இந்த உரிமை 1994 முதல் அவர்களுடைய அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் காலடியில் இருக்கும் பனிக்கட்டி தாங்குமா என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்குத்தான் கையில் 'ஈஸ்பீக்': இரும்பு முனை வைத்த நீளத் தடி. போகப் போக ஓங்கிக் குத்திப் பார்ப்பார்கள். ஒரே குத்தில் முனை தண்ணீருக்குள் போய்விட்டால், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். கனத்த கட்டி மந்தமாக அதிரும். மெலிய மெலியச் சுருதி ஏறும்.

நடப்பதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் வேண்டும் என்பார்கள். அது கண்ணாடிபோல் தெளிந்த, கெட்டியான கட்டிக்குச் சொன்ன கணக்கு. மேலே விழுந்த பனி நனைந்து மறுபடி உறைந்த வெள்ளைக் கட்டிக்கு அவ்வளவு பலம் இல்லை. வசந்தகால வெயில் பட்ட கட்டி இன்னும் மோசம். வெயில் உள்ளே இறங்கிப் படிகங்களின் இணைப்பை உருக்கிவிடும். ஒரு சாண் கனம் இருந்தாலும் குச்சி குச்சியாக உதிரும். ஓடை வந்து சேருமிடம், பாலத்தடி, குறுகிய நீர்வழி, நாணல் ஓரம் ஆகியவற்றை எப்போதும் சந்தேகிக்க வேண்டும். நீரோட்டம் இருக்குமிடத்தில், அடியில் தங்கியிருக்கும் 4 டிகிரித் தண்ணீர் மேலே கிளறப்பட்டுக் கட்டியை அரித்துவிடும்.

உடைந்து உள்ளே விழுந்தால்? கழுத்தில் தொங்கும் 'ஈஸ்டுப்பார்'தான் துணை. இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் கூரிய ஆணி, இரண்டையும் இணைக்கும் கயிறு. மோவாய்க்குச் சற்றுக் கீழே தொங்கவேண்டும். பையில் வைத்தால் பயனில்லை. நனைந்த கையுறைக்குள் விரைத்த விரல் பொத்தானைத் திறக்காது.

முதலில் குளிர் மூச்சை அடைக்கும். விளிம்பைப் பிடித்தபடி மூச்சு சீராகும்வரை பொறுக்க வேண்டும். பிறகு வந்த திசைக்கே திரும்ப வேண்டும், அந்தப் பக்கக் கட்டிதானே இதுவரை உங்களைத் தாங்கியது! கையை நீட்டி ஆணியைக் குத்தி, காலை உதைத்து உடம்பை மட்டமாக்கி இழுக்க வேண்டும். மேலே வந்ததும் எழுந்து நிற்கக் கூடாது. உருண்டோ தவழ்ந்தோ விலக வேண்டும்.

முதுகுப்பையில் மாற்று உடை நீர் புகாத உறைக்குள் இருக்கும். அதுவே மிதவையும் ஆகும். தொடைகளுக்கு இடையே போகும் பட்டையைக் கட்டாவிட்டால் பை மேலே ஏறி முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கும். கூட வந்தவர் ஓட்டைக்கு அருகே போகாமல், தள்ளி நின்றே கயிற்றை வீச வேண்டும்.

ஆறாம் வகுப்பு முடிவதற்குள் ஸ்வீடன் பிள்ளைகள் 200 மீட்டர் நீந்தவேண்டும், அதில் 50 மீட்டர் மல்லாந்து. நீர்நிலை ஆபத்துகளைச் சமாளிப்பதும் பாடத்திட்டத்தில் உண்டு. சில பள்ளிகளில் பனிக்கட்டியில் ஓட்டை அறுத்து, இடுப்பில் கயிறு கட்டி, உடுத்த உடையோடு பிள்ளைகளை இறக்குகிறார்கள். பழகாதவர் ஆணியைக் குத்திச் செங்குத்தாக ஏறப் பார்ப்பார்; கால் பனிக்கட்டிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போகும். காலை உதைத்தால்தான் இடுப்பு மிதக்கும், இடுப்பு மிதந்தால்தான் கைக்குப் பிடி கிடைக்கும். அதை அந்தத் தண்ணீருக்குள்ளேயே கற்றுக்கொண்டு ஏறுகிறார்கள்.