பேக்கப்பைத் திறந்து பார்த்தீர்களா?

நேயர்களே, வணக்கம்.

சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். மதுரை மேலமாசி வீதியில் ஓர் ஆடிட்டர் அலுவலகமானாலும் சரி, கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையானாலும் சரி, உள்ளே நுழைந்ததும் நான் முதலில் கேட்பது, "உங்கள் மெயில் எல்லாம் எங்கே இருக்கிறது?" என்பதுதான். "இன்டர்நெட்டில் இருக்கிறது" என்று சட்டென்று பதில் வரும். கணினியைத் திறந்து பார்த்தால் பல இடங்களில் அது இன்டர்நெட்டில் இருக்காது. அந்த மேசைக்கு அடியில், தூசி படிந்த பெட்டிக்குள், ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கும்.

இது எப்படி என்று சொல்கிறேன். அலுவலகங்கள் தங்கள் பெயரில் இணையதளம் வாங்கும்போது அதோடு சேர்ந்து மெயில் பெட்டியும் வருகிறது. அதற்குக் கொடுக்கும் இடம் குறைவு. பெட்டி நிறைந்துவிட்டால் வருகிற மெயில் திரும்பிப் போய்விடும். ஆகவே கணினியில் பாப்-3 என்ற முறையை வைத்துக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த முறை இப்போதுள்ள வடிவத்தில் 1996-இல் வகுக்கப்பட்டது. தொலைபேசிக் கம்பி வழியாகக் கொஞ்ச நேரம் இணைப்பு எடுத்து, கடிதங்களை இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டிக்கும் காலம் அது. கடிதம் உங்கள் கணினிக்கு இறங்கியதும், சர்வரில், அதாவது மெயில் பெட்டியை வைத்திருக்கும் நிறுவனத்தின் கணினியில், இருப்பதை அழித்துவிடலாம். நகல் ஒன்றை அங்கேயே விட்டுவைக்கும் வசதியும் உண்டுதான். ஆனால் இடம் போதாது என்று பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். அப்படியானால் ஒரு வாடிக்கையாளர் எழுதிய கடிதம் உங்கள் கைவசம் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

அந்த ஒரே இடமும் ஒரே கோப்பு. மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருளான அவுட்லுக்கைப் பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள். வந்த கடிதம், அனுப்பிய கடிதம், இணைப்பாக வந்த பில், படம், முகவரிப் பட்டியல் அத்தனையும் பி.எஸ்.டி. என்று முடியும் ஒரு கோப்புக்குள் அடங்கியிருக்கின்றன. பழைய அவுட்லுக்கில் இந்தக் கோப்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைக்கப்பட்ட ஒரு ஃபோல்டருக்குள் இருந்தது. 2010 பதிப்பிலிருந்து டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற பெயரில் தெரியும் இடத்துக்கு வந்தது. ஆனால் பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறியவர்களுக்குக் கோப்பு பழைய இடத்திலேயே தங்கிவிடும். கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஒருவரைக் கூப்பிடுகிறீர்கள். அவரும் நல்ல பிள்ளையாக டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டேலி கணக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டு டிஸ்க்கைத் துடைத்து ஃபார்மட் செய்கிறார். மறைந்திருந்த மெயில் கோப்பு மட்டும் போய்விடுகிறது. நம் பக்கத்தில் மெயில் தொலைகிற வழிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நான் நேரில் பார்த்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு தெருவில், பருத்தித் துணியில் மேசை விரிப்பும் தலையணை உறையும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனம். கீழே தையல், மாடியில் அலுவலகம். கணக்கும் மெயிலும் ஓர் அக்காவின் பொறுப்பு. அவர் வேலையில் ஒரு பிசிறு இருக்காது. ஒரு நாள் காலையில் அவுட்லுக் திறக்கவில்லை. கோப்பில் பிழை இருக்கிறது என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிட்டது.

சரக்குத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போய்ச் சேர்ந்திருந்த நேரம். வாங்கியவர், கரையின் நிறம் தான் கேட்டது அல்ல என்று பணத்தை நிறுத்திவைத்திருந்தார். நிறத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதித்து அவரே எழுதிய மெயில் உண்டு. அதுவும் அந்தக் கோப்புக்குள்தான் இருந்தது. முதலாளி பதறவில்லை. "பேக்கப் இருக்கிறது, அக்கா தினமும் எடுக்கிறார்" என்றார். அக்கா ஒரு நீளக் குறிப்பேட்டை எடுத்து வைத்தார். தேதி, நேரம், பக்கத்தில் ஒரு டிக். ஒரு மாலைகூட விடுபடவில்லை. சித்திரைத் திருவிழா விடுமுறை நாட்களுக்கு நேராக "விடுமுறை" என்று எழுதியிருந்தார்.

வெளி டிஸ்க்கைச் செருகினேன். தேதி போட்ட ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. முதல் ஃபோல்டரைத் திறந்தேன். அவுட்லுக் என்ற பெயரில் ஒரு கோப்பு. அளவு 2 கே.பி. அடுத்ததைத் திறந்தேன், 2 கே.பி. கடைசியாக எடுத்தது, அதுவும் 2 கே.பி. டெஸ்க்டாப்பில் இருந்த அவுட்லுக் ஐகானைத்தான் அவர் தினமும் நகல் எடுத்திருக்கிறார். அந்த ஐகான் வெறும் ஷார்ட்கட். மென்பொருள் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். ஒரு கடிதம்கூட அதில் கிடையாது.

"அக்கா, இதை என்றைக்காவது திறந்து பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "திறந்து பார்க்க யாரும் சொல்லவில்லையே தம்பி. இதைக் காப்பி பண்ணுங்கள் என்று மட்டும்தான் காட்டிவிட்டுப் போனார்கள்" என்றார். அந்தக் குறிப்பேட்டில் அவர் போட்ட ஒவ்வொரு டிக்கும் உண்மையானது. எதை எடுக்க வேண்டும் என்று அவருக்குச் சரியாகக் காட்டாதவர்களும், எடுத்ததை ஒருமுறைகூடக் கேட்டு வாங்கிப் பார்க்காதவர்களுமே இதற்குப் பொறுப்பு. இதை நான் எங்கே போனாலும் அழுத்திச் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். வேலையைச் செய்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

கோப்புக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய பதிப்புகளில் பி.எஸ்.டி. கோப்பு 2 ஜி.பி.க்கு மேல் வளரக் கூடாது. அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் கோப்பு கெட்டுப்போகும். 2003 பதிப்பிலிருந்து புதிய வகைக் கோப்புக்கு 20 ஜி.பி., 2010-இலிருந்து 50 ஜி.பி. என்று எல்லை உயர்ந்தது. ஆனால் பழைய வகையில் தொடங்கிய கோப்பு, நீங்கள் புதிய அவுட்லுக் போட்டாலும் பழைய வகையாகவே இருக்கும். அந்த அலுவலகத்தில் நடந்தது அதுதான்.

முதலில் கெட்டுப்போன கோப்பை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். செய்யும் வேலை எல்லாம் அந்த நகலின் மேல்தான். அசலைத் தொடவே கூடாது. அவுட்லுக்கோடு சேர்ந்தே வருகிற இன்பாக்ஸ் ரிப்பேர் டூல் என்ற நிரல் பெரும்பாலான கோளாறுகளைச் சரிசெய்யும். எல்லையைத் தாண்டி வீங்கிய கோப்பை அதனால் சரிசெய்ய முடியாது. அதற்கென்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு சிறிய நிரலைத் தனியாகக் கொடுத்திருந்தது. அது கோப்பின் ஒரு பகுதியை வெட்டி எறிந்து அளவைக் குறைக்கும். எந்தக் கடிதம் போகும், எது தங்கும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. வெட்டினோம், பிறகு ரிப்பேர் டூலை ஓட்டினோம். பெரும்பகுதி வந்தது. எந்த ஃபோல்டரைச் சேர்ந்தவை என்று தெரியாத கடிதங்களை அந்த நிரல் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்ற ஒரு ஃபோல்டரில் குவித்துவைத்திருந்தது. அக்காவும் இன்னொரு பையனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தேடிய கடிதம் அதில் இல்லை.

அப்போது அக்காவுக்கே ஒரு யோசனை வந்தது. அந்தக் கடிதத்தைத் தூத்துக்குடியில் சரக்கைச் சுங்கத்தில் முடித்துக்கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட்டுக்கும் அனுப்பிய ஞாபகம் இருக்கிறது என்றார். தொலைபேசியில் கேட்டார். அவர்கள் தேடி எடுத்து அனுப்பிவிட்டார்கள். நேயர்களே, இதை மறந்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் தொலைந்த கடிதம் எதிர்ப்பக்கம் இருக்கலாம். நீங்கள் அனுப்பியது அவர்களுடைய இன்பாக்ஸில் இருக்கும். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி, எப்படி பேக்கப் எடுப்பது. அவுட்லுக்கை மூடிவிட்டு எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது கோப்பு பூட்டப்பட்டிருக்கும்; எப்படியாவது எடுத்தாலும் பாதி எழுதிய நிலையில் வரலாம். எடுத்த பிறகு அளவைப் பாருங்கள். அசல் 6 ஜி.பி. என்றால் நகலும் 6 ஜி.பி. இருக்க வேண்டும். தண்டர்பேர்டு என்ற வேறு மெயில் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ப்ரொஃபைல் என்ற ஃபோல்டரை முழுதாக எடுங்கள்.

எங்கே வைப்பது? சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு நகல் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். பீரோவின் மாற்றுச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டு வெளி டிஸ்க் வாங்குங்கள். ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றொன்று. ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில் இருக்கட்டும். எடுத்து முடித்ததும் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கும். அந்த வகைத் தீநிரல்கள், செருகியே கிடக்கும் பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அலுவலக நெட்வொர்க்கில் ஒரு பொது இடத்தில் பி.எஸ்.டி. கோப்பை வைத்து அங்கிருந்தே திறந்து பயன்படுத்துகிறவர்கள் அதை நிறுத்துங்கள். அப்படிச் செய்ய வேண்டாமென்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கோப்பு எழுதப்படும்போது மின்சாரம் போனால் கெட்டுப்போக வாய்ப்புண்டு, ஆகவே யு.பி.எஸ். பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏப்ரல் 1-ஆம் தேதி புதுக் கணக்கு தொடங்கும்போதே மெயிலுக்கும் புதுக் கோப்பு தொடங்கிவிடுங்கள். கோப்பு வீங்காது, தேடுவதும் எளிது.

"நாங்கள் ஜிமெயிலில் இருக்கிறோம், எங்களுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2011 பிப்ரவரி இறுதியில், மென்பொருள் பிழை ஒன்றினால் சில ஜிமெயில் பெட்டிகள் திடீரென்று காலியாகிவிட்டன. மொத்தப் பயனாளர்களில் 0.02 விழுக்காட்டினர் என்று கூகுள் சொன்னது. ஒவ்வொரு கடிதத்துக்கும் வேறு வேறு இடங்களில் நகல்கள் வைத்திருந்தும், அந்தப் பிழை நகல்களையும் பாதித்தது. கடைசியில் கைகொடுத்தது காந்த நாடா. நெட்வொர்க்கில் இணையாமல் தனியே வைத்திருந்த நாடாக்களிலிருந்து கடிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூகுளுக்கே இப்படிக் கழற்றித் தனியே வைத்த நகல் தேவைப்பட்டது. இன்னொன்று, கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துக் கைபேசியிலும் கணினியிலும் ஒன்றுபோல் காட்டும் ஐமேப் முறையில், கைபேசியில் அழித்தால் கணினியிலும் போய்விடும். ஜிமெயிலில் அழித்தது 30 நாள் மட்டும் குப்பையில் இருக்கும். கூகுள் டேக்அவுட் என்ற வசதியில் முழுப் பெட்டியையும் இறக்கி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம்.

நான் இன்று பேச வந்ததன் மையம் இதுதான். மாதம் ஒருமுறை, பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகுங்கள். எடுத்தவர் அல்லாத வேறொருவர் செய்யட்டும். கோப்பை அந்தக் கணினிக்கு நகல் எடுத்து, அவுட்லுக்கில் திறந்து, போன மாதக் கடிதம் ஒன்றையும் மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதம் ஒன்றையும் தேடி எடுங்கள். இணைப்பைத் திறந்து பாருங்கள், பில் தெரிகிறதா என்று. கால்மணி நேர வேலை. அந்த அக்காவின் குறிப்பேட்டில் இப்போது டிக்குக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடியிருக்கிறது: கோப்பின் அளவு, திறந்து பார்த்தவர் பெயர். நான் போகும் அலுவலகங்களில் எல்லாம் அந்தக் கட்டங்களைப் போடச் சொல்கிறேன்.

தொலைந்த பிறகு முதல் ஒரு மணி நேரம் என்ன செய்ய வேண்டும் என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கடிகாரம் ஓடுகிறது, சுருக்கிக்கொள்கிறேன். கோப்பு அழிந்துவிட்டது என்று தெரிந்த உடனே அந்தக் கணினியில் வேலையை நிறுத்துங்கள். புதிய கோப்புகள் பழைய கோப்பின் இடத்தில் எழுதப்பட்டுவிடலாம். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்க வேண்டாம். பழைய சுழலும் டிஸ்க்கில் மீட்க நல்ல வாய்ப்புண்டு. சுழலும் பாகம் இல்லாத புதிய வகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும் என்பதால் வாய்ப்பு மிகக் குறைவு.

சட்டம் பற்றி இரண்டே வரி. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மெயிலில் வரும் பில்லும் அதில் சேரும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மெயிலின் அச்சுப்படியைச் சாட்சியமாகக் கொடுத்தால் கூடவே சான்றிதழும் வேண்டும். ஆகவே மூலக் கோப்பைக் கைவிடாதீர்கள்; உங்கள் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரின் மெயில் கோப்பை என்ன செய்வது என்பதும் என் குறிப்பில் இருக்கிறது. அதற்கு நேரமில்லை. அவர் கணினியை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் கோப்பையும் பாஸ்வேர்டையும் வாங்கி வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.