படகு போன பிறகு

வணக்கம் நேயர்களே.

ஆசிரியர் நியமனம் கொடுக்கிற காலம் வந்தால் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களில் பெரும்பாலானோர் தாய்மார். "ரீச்சர், பிள்ளைக்கு நெடுந்தீவு போட்டிருக்கிறாங்கள். யாரைப் பிடிச்சால் மாத்தலாம்?" இதுதான் கேள்வி. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவள். இடமாற்றம் கொடுக்கிற அதிகாரம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனாலும் கேட்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கிடைத்த முதல் நியமனமும் அந்தத் தீவுதான் என்று ஊரில் பலருக்குத் தெரியும். அந்தத் தாய்மாருக்கும், பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிற அந்தப் பிள்ளைகளுக்கும்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கே நெடுந்தீவு தூரம். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று பஸ்ஸில் போனால் குறிகட்டுவானில் தரை முடிந்துவிடும். அந்த இறங்குதுறையில் நிற்கிற சனத்தில் பெரும்பகுதி நயினாதீவு அம்மனிடம் போகிறவர்கள். அவர்களுக்குக் கடல் கொஞ்சம்தான், ஏறி இருந்து நாலு தேவாரம் பாடி முடிய கரை வந்துவிடும். நெடுந்தீவுக்குப் போகிறவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் திறந்த கடல். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களிலும், மார்கழி வாடையிலும் அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்று போய் வந்தவர்களுக்குத் தெரியும். சில நாட்களில் படகே ஓடாது.

யாழ் மாவட்டத்தின் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு இலக்கம் போட்டபோது ஜே/01 என்று தொடங்கியது இந்தத் தீவில்தான். ஒன்று முதல் ஆறு வரை நெடுந்தீவு. பட்டியலில் முதலாவதாக நிற்கிற ஊருக்கு ஆசிரியர் மட்டும் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதிய ஆசிரியர் ஒரு ஊரோடு சேர்வது, பிற்பகல் படகு போன பிறகு அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இன்றைக்கும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் படகில் வந்து பிற்பகல் படகில் போகிற ஆசிரியரின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியப் புறப்பட்டு, பஸ், பிறகு கடல், பிறகு இறங்குதுறையிலிருந்து லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் குலுங்கிக் குலுங்கிப் பாடசாலை. படகு பிந்தினால் முதலாம் பாடம் போய்விடும். கடைசிப் பாடவேளையில் ஒரு கண் கரும்பலகையில், ஒரு கண் மணிக்கூட்டில். பிள்ளைகளுக்கும் அது தெரியும். ரீச்சர் கைப்பையை மேசைக்கு மேலே எடுத்து வைத்தால் கொப்பியை மூடலாம் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கிவிடும்.

அந்த ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயணத்தை நாள்தோறும் செய்வதே பெரிய காரியம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண்பிள்ளையைக் கடல் தாண்டிப் போய்ப் படிப்பி என்று கடிதம் கொடுக்கிறோம். இரவில் எங்கே படுப்பது? குடிதண்ணீர் எங்கே? கதவுக்கு உள்கொண்டி இருக்கிறதா? கடிதத்தில் பாடசாலையின் பெயர் இருக்கும், கடமையேற்க வேண்டிய திகதி இருக்கும். இது எதுவும் இருக்காது. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளைத் தரம் பிரிக்கத் தெரிந்த எங்களுக்கு, ஒரு ஆசிரியர் விடுதிக்குக் கூரையும் கிணறும் கழிப்பறையும் முதலில் கட்டிக் கொடுக்கத் தெரிய வேண்டும். விடுதி முதலில், நியமனம் பிறகு. இதை எழுதியும் கொடுத்திருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். விடுதி இருந்தால் பாதிப் பேர் தாங்களாகவே தங்குவார்கள். படகு போன பிறகும் ஊரில் இருப்பார்கள்.

இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்களுக்காகச் சொல்கிறேன், நெடுந்தீவுக்குப் போகிற புதிய ஆசிரியரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். படகு போன பிறகு அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கதை.

எனக்கு விடுதி கிடைக்கவில்லை. ஒரு ஆச்சி வீட்டின் பக்கத்து அறை கிடைத்தது. மண் சுவர், ஓலைக் கூரை, முற்றத்தைச் சுற்றி இடுப்பளவு கல்வேலி. நெடுந்தீவின் கல்வேலிகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. முருகைக்கல்லை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். எந்தக் காற்றுக்கும் அசையாது. தீவு முழுக்க அப்படித்தான் ஒழுங்கைகள். புதிதாகப் போனவளுக்கு எல்லா ஒழுங்கையும் ஒன்றாகத் தெரியும், பிள்ளைகள்தான் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள்.

முதல் நாள் மாலை ஆச்சி மூன்று பானைகளைக் காட்டினா. "பிள்ளை, இது குடிக்கிற தண்ணி. இது சமைக்க. அது குளிக்க. மாறி எடுத்துப்போடாதை." தீவில் நல்ல தண்ணீர் எல்லா இடத்திலும் இல்லை. பெரும்பாலான கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி எவ்வளவு சீனி போட்டாலும் சரிவராது. சாறாப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உண்டு, அங்கிருந்து எடுத்து வருவார்கள். மற்ற இடங்களில் மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உவருக்கு மேலே, பாலில் ஆடை படிவது போல மெல்லிசாகத் தங்கியிருக்கும். அவசரப்பட்டு அள்ளினால் அடியில் இருக்கிற உவர் மேலே வந்துவிடும். மெல்ல அள்ள வேண்டும், ஊற விட வேண்டும், திரும்ப அள்ள வேண்டும்.

ஏன் இவ்வளவு நேரம் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன் என்றால், என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நாலாம் வகுப்பு. நாள்தோறும் பிந்தித்தான் வருவாள். வந்து வாசலில் நிற்பாள். கேட்டால் தலையைக் குனிவாள், ஒரு சொல் வராது. வரவுப் பதிவேட்டில் எனக்கு முன் இருந்தவர்களும் அவளுடைய பெயருக்கு நேரே சிவப்பு மையால் குறித்து வைத்திருந்தார்கள். பாடசாலையில் எல்லோருக்கும் அவள் 'பிந்தி வாற பிள்ளை'. முதலாம் பாடம் கணிதம். ஆகவே அவளுக்குக் கணிதம் தெரியாது. அவ்வளவுதான், விஷயம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் இருந்தார்கள்.

ஒருநாள் ஆச்சிக்கு உடம்பு சரியில்லை. தண்ணீருக்கு நான் போனேன். நிலம் வெளிக்க முன். கோடை, கிணற்றில் தண்ணீர் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்த இருட்டில் கிணற்றுக் கட்டில் எனக்கு முன்னே நாலைந்து பெண்கள், அவர்களோடு இந்தப் பிள்ளை. பக்கத்தில் இரண்டு குடம். அவளுடைய முறை வந்தது. பனையோலைப் பட்டையைக் கயிற்றில் விட்டாள். தண்ணீரில் பட்டை அடித்து விழாமல், மேற்பரப்பில் சரித்து, கால் பட்டை தண்ணீர் மட்டும் எடுத்துத் தூக்கினாள். அடி கலங்கவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஏழெட்டுத் தரம் அள்ளிவிட்டு நிறுத்தினாள். "காணும், இனி ஊறட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குந்தி இருந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, அங்கே என்னைப் பார்த்துச் சிரித்து, "ரீச்சர், உங்கட குடத்தை இஞ்சால வையுங்கோ, நான் அள்ளித் தாறன்" என்றாள். ஒரு குடம் நிறைய இத்தனை பட்டை, ஊற இவ்வளவு நேரம், விடிய முன் இத்தனை குடம் எடுக்கலாம் என்று கணக்குச் சொன்னாள். வாயாலே பெருக்கினாள், வாயாலே பிரித்தாள்.

தாய்க்குச் சுகமில்லை, தகப்பன் கடலுக்குப் போய்விடுவார். வீட்டுத் தண்ணீர் முழுக்க அவளுடைய பொறுப்பு. ஊருக்கே அது தெரியும். பாடசாலைக்கு மட்டும் தெரியாது.

அதிபரிடம் போய் நேர அட்டவணையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். கணிதத்தை மூன்றாம் பாடவேளைக்குக் கொண்டுபோனோம், காலையில் சித்திரமும் பாட்டும் வைத்தோம். வேறு ஒரு சாகசமும் செய்யவில்லை. அவளுக்கு மட்டும் இல்லை, அந்த வகுப்பில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் அதே தண்ணீர்தான் காரணம் என்று அதற்குப் பிறகு தெரிய வந்தது. சிவப்பு மை மெல்ல மெல்லக் குறைந்தது. நேயர்கள் கேட்பீர்கள், அவள் டொக்டராக வந்தாளா என்று. இல்லை. தீவிலேயே கலியாணம் முடித்தாள், பால் சேகரித்து விற்கிற வேலையில் கணக்கெல்லாம் அவள்தான் பார்த்தாள். நான் பிற்காலத்தில் பாடசாலைகளைப் பார்வையிடப் போனபோதெல்லாம் அவளைக் காணாமல் படகு ஏறியதில்லை.

படகில் வந்து படகில் போயிருந்தால் அந்தக் கிணற்றடிக்கு நான் போயிருக்க மாட்டேன். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அதோடு, தங்குகிறவருக்குத்தான் ஊர் தன் துக்கத்தையும் சொல்லும். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் நடந்ததைப் பெரியவர்கள் அறிவீர்கள். நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள், பெண்கள் என்று பார்க்காமல் வெட்டிக் கொன்றார்கள். அப்போது நான் மாற்றலாகி வந்துவிட்டேன். நான் பல தடவை ஏறி இறங்கிய படகு அது. ஆண்டுதோறும் அந்த நாளில் தீவில் நினைவுகூருகிறார்கள். புதிதாகப் போகிற ஆசிரியர், வகுப்பில் இருக்கிற பிள்ளையின் பேரனோ பேத்தியோ அந்தப் படகில் போயிருக்கக்கூடும்... மன்னிக்கவும், பாட்டனோ பாட்டியோ போயிருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் நடுவில் பிள்ளைகள் அமைதியாக இருந்தால் ஏன் என்று அதட்டக் கூடாது.

தங்குவது என்றால் என்ன செய்வது, பொழுது போகாதே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எங்களுடைய காலத்தில் அரிக்கன் லாம்பும் ஒரு டிரான்சிஸ்டர் வானொலியும்தான். ஆச்சியும் நானும் ஒடியலுக்குப் பனங்கிழங்கு கிழித்துக்கொண்டே நாடகம் கேட்போம். இப்போது தீவுக்கு மின்சாரம் உண்டு, கைத்தொலைபேசி உண்டு. முதலாம் தவணையில் எல்லா வெள்ளியும் வீட்டுக்கு ஓடி வராதீர்கள். ஒரு வார இறுதியாவது நின்று பாருங்கள். மேற்கே போனால் வெளியில் கூட்டம் கூட்டமாகக் குதிரைகள் மேயும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த வழித்தோன்றல்கள். கடும் கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை செத்து விழுகிற ஆண்டுகளும் உண்டு, ஊர்ச் சனம் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைக்கும். அராபிய வணிகர் கொண்டுவந்தார்கள் என்று சொல்லப்படுகிற பெருக்கு மரம் நிற்கிறது, அடிமரத்துக்குள்ளே ஆள் புகுந்து நிற்கலாம். பிள்ளைகளோடு போங்கள். சுற்றாடல் பாடத்துக்கு வேறு புத்தகம் தேவைப்படாது. பெற்றோர் கூட்டத்துக்கு வராத தகப்பன்மார் இறங்குதுறையில் வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள், அங்கே போய் நின்று பேசுங்கள். "ரீச்சர், இருங்கோ" என்று மீன் பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் தருவார்கள்.

கொடுப்பனவு, சேவைக்காலம், இடமாற்ற விண்ணப்பம் பற்றியும் பேசக் குறித்து வந்தேன். கண்ணாடிக்கு அப்பால் தம்பி கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். அதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்டுக்கொள்ளலாம். நான் கடைசியாக வைத்திருந்தது பல்தரக் கற்பித்தல். அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை, வேகமாகச் சொல்கிறேன்.

சின்னப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் இருக்கும். ஒரு வகுப்பைக் கரும்பலகையைப் பார்த்து எழுத விட்டுவிட்டு மற்றதைப் படிப்பிக்காதீர்கள். எழுதுகிற வகுப்பு எழுதிக்கொண்டே கிடக்கும். காலையில் முதல் இருபது நிமிடம் இரண்டு வகுப்புக்கும் ஒரே கதை சொல்லுங்கள். பிறகு சின்ன வகுப்பு அந்தக் கதையைப் படமாகக் கீறட்டும், பெரிய வகுப்பு அதிலிருந்து ஐந்து வசனம் எழுதட்டும். அந்த நேரத்தில் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்துங்கள். மீதியைக் கேட்க விரும்புகிற பிள்ளைகள் இந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், நான் பதில் எழுதுவேன். வணக்கம்.