பாட்டு நின்றுபோனால்

நேயர்களுக்கு வணக்கம். நேற்றிரவு வரை பாடிக்கொண்டிருந்த கையடக்கப் பாட்டு பிளேயர் இன்று காலை எந்தப் பட்டனை அமுக்கினாலும் அசையவில்லை. இந்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். 1979-இல் சோனியின் வாக்மேன் வந்தது, 2001-இல் ஐபாட் வந்தது, 2022-இல் ஐபாட் தயாரிப்பையே ஆப்பிள் நிறுத்திவிட்டது. இப்போது பாட்டெல்லாம் போனில்தான். இருந்தாலும் பழைய பிளேயரைக் கைவிட மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த பாட்டுகள் அதில்தானே இருக்கின்றன!

பழுது என்று என்னிடம் வந்த பிளேயர்களில் பல, உண்மையில் பழுதாகவே இல்லை. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன்.

என் பெரியம்மாவிடம் சின்னதாக ஒரு பிளேயர் இருந்தது. தூக்கம் வராத இரவுகளில் அதுதான் அவருக்குத் துணை. ஒருநாள் காலையில் என்னிடம் நீட்டி, "பாட்டு வரலப்பா, எதை அமுக்கினாலும் ஒண்ணும் ஆகல" என்றார். நான் அப்போது மாணவன். ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தது, உடனே திறந்தேன். உள்ளே திரையையும் போர்டையும் இணைப்பது காகிதம் போல மெல்லிய ஒரு ரிப்பன். மூடியைத் தூக்கிய வேகத்தில் அது கிழிந்துவிட்டது. பிறகுதான், கழற்றி வைத்த மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஹோல்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச், பூட்டிய நிலையில் இருந்தது. தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறார், அது நகர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். விரல் நுனியால் தள்ளியிருந்தால் பாடியிருக்கும். பெரியம்மா ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. அடுத்த பல இரவுகள் பாட்டில்லாமல் படுத்தார். அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால்தான் ஹோல்ட், ஹோல்ட் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். பைக்குள் பட்டன் தானாக அமுங்கி, பாட்டு மாறாமல் இருக்கத்தான் அந்த சுவிட்ச். ஆனால் பூட்டியிருக்கும்போது எந்தப் பட்டனுக்கும் பதில் வராது, பார்ப்பவருக்குச் செத்துப்போனது போலவே தோன்றும். விரலால் தடவி இயக்கும் வட்டச் சக்கரம் வைத்த ஐபாடில் சுவிட்ச் பூட்டியிருந்தால் ஓரத்தில் ஆரஞ்சு நிறம் தெரியும். சில பிளேயர்களில் பூட்டுப் படம் ஒரு நொடி மின்னி மறையும். முதலில் அதைப் பாருங்கள்.

சரி, ஹோல்ட் பூட்டியிருக்கவில்லை, திரையில் ஏதோ ஒரு பாட்டின் பெயர் அப்படியே உறைந்து நிற்கிறது என்றால்? இதுவும் ஒரு சின்னக் கணினிதான், உள்ளே ஓடும் நிரல் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கும். பல பிளேயர்களில் பவர் பட்டனை 10, 15 நொடி விடாமல் அமுக்கினால் அது புதிதாகத் தொடங்கும். சக்கர ஐபாடில் ஹோல்டை ஒருமுறை போட்டு எடுத்துவிட்டு, மெனுவையும் நடுப்பட்டனையும் சேர்த்து ஆறு முதல் எட்டு நொடி அமுக்க வேண்டும். பாட்டெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், இப்படி மறுபடி தொடங்குவதால் பாட்டுகள் அழியாது. திரும்பத் திரும்ப ஒரே பாட்டில் சிக்கினால் அந்தக் கோப்புதான் கெட்டிருக்கும், அதை மட்டும் நீக்குங்கள். மெமரி கார்டு போட்ட பிளேயர் என்றால் கார்டை எடுத்துவிட்டு ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

மாதக்கணக்கில் இழுப்பறையில் கிடந்த பிளேயர் வேறு மாதிரி. பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நிலையில் லித்தியம் பேட்டரியை மிக மெதுவாகத்தான் சார்ஜ் ஏற்ற முடியும், அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் பிடுங்கிவிடாதீர்கள், அரை மணி நேரமாவது விட்டுவையுங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், கணினியில் செருகினால் பிளேயர் தெரியவே தெரியாது. குற்றம் கேபிளில் இருக்க, பழி பிளேயர் மேல் விழும்.

ஒரு காதில் மட்டும் சத்தம் வந்தால் வேறு இயர்போனைச் செருகிப் பாருங்கள். பிளக்கை ஒட்டி வளையும் இடத்தில்தான் ஒயர் பெரும்பாலும் அறுந்திருக்கும். புது இயர்போனிலும் அப்படியே என்றால், செருகும் துளைக்குள் சட்டைப்பை நூல்தூசி அடைத்திருக்கலாம். பிளேயரை அணைத்துவிட்டு, காய்ந்த பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம். அப்புறம், மறுபடியும் சொல்கிறேன், இத்தனைக்கும் முன்னால் ஹோல்ட்!

ஃபார்மட் செய்வது, அதாவது பிளேயரின் நினைவகத்தை முழுதாகத் துடைப்பது பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபார்மட் செய்தால் பாட்டுகள் அழியும், அதனால் கணினியில் பிரதி எடுக்காமல் அதைத் தொடாதீர்கள். இன்னொன்று, மிக முக்கியம். பின்மூடி புடைத்திருந்தாலோ திரை மேலெழும்பியிருந்தாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அதைச் சார்ஜில் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. பழுது பார்ப்பவரிடமோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள். வணக்கம்.